சிறுநீரில் இரத்தம்: ஒரு தடவை கண்டாலும் விடக்கூடாது

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில், சுகாதாரக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாமற்போன தோட்டத்தவர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக முழுமையாகத் தருகின்றோம்.)



வழமையாக இந்த மண்டபத்தில் சம்பளம், கிலோ, கைக்காசு என்றுதான் பேசுவோம். இன்று ஒரு வருத்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு வருகின்ற சிறுநீரகப் புற்றுநோய். இதைத் தெரிவு செய்ததற்குக் காரணம் இருக்கிறது. நேரத்தோடு கண்டுபிடித்தால் ஒரே ஒரு சத்திரசிகிச்சையோடு சுகப்படுத்தக் கூடிய புற்றுநோய்களில் இது ஒன்று. பிந்திப் போனால் மிகவும் கஷ்டம். நம் தோட்டங்களில் இது பிந்திப் போவதற்கு என்னென்ன காரணம் உண்டோ, அவற்றில் பாதிக்கு மேல் சங்கத்தின் மேசைக்கு வரவேண்டிய காரணங்கள்.

சிறுநீரகம் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

நமக்கு இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு, அவரை விதை வடிவம், கிட்டத்தட்ட 150 கிராம். வயிற்றின் பின்பக்கம், முதுகெலும்பின் இரண்டு பக்கத்திலும், கடைசி விலா எலும்புகளுக்கு ஒட்டினாற்போல் இருக்கின்றன. கொழுந்துக் கூடை முதுகில் உட்காரும் இடத்துக்குச் சற்று உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லீற்றர் அளவு வடிகட்டுகின்றன. பெரிய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று கிட்டத்தட்ட நிறைந்துவிடும். அதில் தேவையான நீரையும் உப்பையும் உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சமான ஒன்றிரண்டு லீற்றரைத்தான் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. அப்படித் திருப்பிக் கொடுக்கும் வேலையைச் செய்பவை வடிகட்டிகளோடு சேர்ந்த மெல்லிய குழாய்கள். வளர்ந்தவர்களின் சிறுநீரகத்தில் வரும் புற்றுநோயில் 10-இல் 9 இந்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள கலங்களிலிருந்துதான் தொடங்குகிறது. சிறு பிள்ளைகளுக்கு வரும் சிறுநீரகக் கட்டி வேறு வகை. அதன் வைத்தியமும் வேறு.

"கிட்னி வருத்தம்" எல்லாம் ஒன்றல்ல

தோட்டத்தில் யாருக்காவது சிறுநீரகத்தில் பிரச்சினை என்றதும், "அநுராதபுரத்துப் பக்கம் வருமே அந்த வருத்தமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது வேறு. அநுராதபுரம், பொலன்னறுவை பக்கம் 1990-களிலிருந்து விவசாயிகளைப் பாதித்து வருவது நாட்பட்ட சிறுநீரக நோய். அதில் இரண்டு சிறுநீரகங்களும் மெதுமெதுவாகச் சுருங்கி வேலையை விட்டுவிடும். சீனி வருத்தமும் பிரஷரும் முற்றினாலும் அப்படி ஆகும். அவர்களுக்குத்தான் இரத்தம் சுத்திகரிக்கும் டயலிசிஸ் தேவைப்படுகிறது.

நாம் பேசுகின்ற புற்றுநோய் பெரும்பாலும் ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தில் ஒரு கட்டியாக வளர்வது. மற்றச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இரத்தப் பரிசோதனையில்கூட "கிட்னி நல்லா இருக்கு" என்று வரலாம். இந்த வருத்தம் ஏமாற்றுவது இப்படித்தான்.

கட்டி எப்படி வளர்கிறது?

இதில் மிகவும் அதிகமாகக் காணப்படுவது தெளிகல வகை. 100 பேரில் 70 பேருக்கு மேல் இந்த வகைதான். கலங்களுக்குள் கொழுப்பும் சர்க்கரைச் சத்தும் நிறைந்திருக்கும். ஆய்வுகூடத்தில் பதப்படுத்தும்போது அவை கரைந்து போவதால், நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது கலங்கள் வெறுமையாக, தெளிவாகத் தெரியும். அதனால் அந்தப் பெயர்.

இது ஏன் வளர்கிறது என்பதற்கு நம் ஸ்டோரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். தேயிலை காயவைக்கும் இயந்திரத்தில் வெப்பமானி இருக்கிறது. அது பழுதாகி, சூடு போதுமான அளவு இருந்தும் "சூடு இல்லை" என்று காட்டினால் அடுப்புக்காரர் என்ன செய்வார்? மேலும் மேலும் விறகு போடுவார். நம் கலங்களிலும் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அதற்குப் பொறுப்பான மரபணு ஒன்றை 1993-இல் கண்டுபிடித்தார்கள். தெளிகலப் புற்றுநோயில் பெரும்பாலும் இந்த மரபணுதான் பழுதடைந்திருக்கிறது. பிராணவாயு போதுமான அளவு இருந்தும், இல்லை என்று கலம் நினைத்துக்கொள்கிறது. "இரத்தம் கொண்டுவா" என்று கட்டளை போடுகிறது. புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து, அந்த இரத்தத்தைக் குடித்துக் கட்டி வளர்கிறது. கலங்கள் பிராணவாயுவை அறிந்துகொள்ளும் முறையைக் கண்டறிந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரத்தக் குழாய் நிறைந்த கட்டி என்பதால்தான் சிறுநீரில் இரத்தம் வருகிறது.

என்ன அடையாளம்?

முதல் அடையாளம், சிறுநீரில் இரத்தம். வலி இருக்காது. எரிவும் இருக்காது. ஒரு நாள் சிவப்பாகவோ, சாயம் கூடிய பிளேன்டீ நிறத்திலோ போகும். பிறகு தானாகவே நின்றுவிடும். நின்றதும் "சூட்டுக்கு வந்தது, போய்விட்டது" என்று நினைத்துவிடுகிறோம். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தோம், நின்றது என்கிறோம். வெந்தயம் குடிக்காவிட்டாலும் அது நின்றிருக்கும். நின்றது இரத்தம் மட்டுந்தான், கட்டி அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது, விலாவுக்குக் கீழே ஒரு பக்கத்தில் விடாமல் இருக்கும் வலி. கூடையின் இடம் என்று முன்பு சொன்னேன் அல்லவா? கொழுந்து எடுக்கும் பெண்களில் முதுகு வலி இல்லாதவர் யார்? அதனால் இந்த வலியையும் கூடைக் கணக்கில் எழுதிவிடுகிறோம். வேலை செய்த வலி, படுத்தால், ஓய்ந்தால் குறையும். ஒரே பக்கத்தில் இரவும் பகலும் வாரக் கணக்கில் நிற்கும் வலியைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, வயிற்றின் பக்கத்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டி. இந்த மூன்றும் சேர்ந்து வருபவர்கள் 10 பேரில் ஒருவர்கூட இல்லை. மூன்றும் வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

இவை தவிர, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, விட்டுவிட்டுக் காய்ச்சல், இரத்தச் சோகை, புதிதாகப் பிரஷர் ஏறுவது, ஆண்களுக்கு விதைப்பையில் நரம்புகள் புடைத்து படுத்தாலும் வடியாமல் இருப்பது ஆகியவையும் அடையாளங்களாகலாம்.

பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. சிறுநீரில் இரத்தம் வந்த எல்லாருக்கும் புற்றுநோய் இல்லை. கல், கிருமித் தொற்று, ஆண்களுக்கு வயது போகும்போது வரும் புரொஸ்டேட் வீக்கம் என்று பல காரணங்கள் உண்டு. பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கு மருந்து குடித்தாலும் சிறுநீர் நிறம் மாறும். எது என்று வீட்டிலிருந்து நம்மால் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் பரிசோதனை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிலக்கு என்று நினைத்து இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. மாதவிலக்கு நாள் இல்லாதபோது கண்டாலும், மாதவிலக்கு நின்ற வயதில் கண்டாலும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டாலும், தாதியிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு கர்ப்பப்பையிலிருந்து இரத்தம் வந்தாலும் அதுவும் காட்ட வேண்டிய விஷயந்தான்.

எனக்குத் தெரிந்த இருவர்

பெயரோ தோட்டமோ சொல்லவில்லை. ஒருவர் ஸ்டோரில் வேலை செய்தவர், 50 வயது தாண்டியவர், பீடி குடிப்பார். மூன்று நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. டிஸ்பென்சரியில் சிறுநீரைப் பரிசோதிக்காமலே கிருமிக்கு மாத்திரை கொடுத்தார்கள். நின்றுவிட்டது. "பெரிய வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும்" என்று இருந்துவிட்டார். ஏழு மாதம் கழித்து இரத்தம் கட்டி கட்டியாக வந்து, சிறுநீர் அடைத்துக்கொண்டபோதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி தோடம்பழத்தைவிடப் பெரிது, நுரையீரலுக்கும் போயிருந்தது. இரண்டாவது வருடம் இறந்துபோனார்.

மற்றவர் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா. அவருக்குச் சிறுநீரகத்தில் எந்த அடையாளமும் இல்லை. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தபோது, இடது சிறுநீரகத்தில் 3 சென்றிமீற்றர் கட்டி ஒன்று தெரிந்தது. நெல்லிக்காய் அளவு. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். சில மாதங்களில் மலைக்குத் திரும்பிவிட்டார். இன்றும் வேலை செய்கிறார்.

இரண்டு பேருக்கும் ஒரே நோய். கண்டுபிடித்த நேரந்தான் வேறு. அமெரிக்காவின் புள்ளிவிபரத்தைப் பார்த்தால், சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் ஐந்து வருடம் கடந்து வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவியபின் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 10-இல் 2 பேர் அளவுதான்.

யாருக்கு வருகிறது?

உலகம் முழுவதும் வருடத்துக்கு 4 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 60 வயதை ஒட்டியும் அதற்கு மேலும்தான் அதிகம். ஆனால் 40-களிலும் வரலாம்.

உறுதியாகத் தெரிந்த காரணங்கள் மூன்று: புகைத்தல், அளவுக்கு மிஞ்சிய உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம். சிகரெட், பீடி இரண்டும் ஒன்றுதான். புகையில் உள்ள நஞ்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாகத்தானே வெளியே போக வேண்டும்? விட்டுவிட்டால் ஆபத்து வருடத்துக்கு வருடம் குறைகிறது. பிரஷருக்குக் கருவாடும் கட்டைச் சம்பலும் அப்பளமும் எதிரி. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல வருடம் டயலிசிஸ் செய்பவர்களுக்கும், பரம்பரையில் இந்த நோய் உள்ள சில குடும்பங்களுக்கும் ஆபத்து கூடுதல். பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது 50 வயதுக்கு முன் வந்திருந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

"மருந்தடிப்பதால் வருமா?" என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். களைகொல்லியால்தான் சிறுநீரகப் புற்றுநோய் வருகிறது என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அந்த மருந்துகள் வேறு விதத்தில் உடம்பைக் கெடுக்கும். கையுறை, முகக்கவசம், பூட்ஸ், குளிக்கத் தண்ணீர் ஆகியவற்றைக் கேட்பதற்குப் புற்றுநோய் நிரூபணம் தேவையில்லை. அது எப்படியும் நம் உரிமை.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத இரத்தமும் அதில் தெரியும். பிறகு இரத்தப் பரிசோதனை. அடுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். வயிற்றில் ஜெல் பூசி ஒரு கருவியை உருட்டிப் பார்ப்பார்கள். வலி இல்லை. கட்டி தெரிந்தால், நரம்பில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன். கட்டியின் அளவு, இரத்த நாளத்துக்குள் போயிருக்கிறதா, நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்பதையெல்லாம் அது காட்டும். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்ப்பது எல்லாருக்கும் தேவைப்படாது. ஸ்கேனிலேயே தெளிவாகத் தெரிந்தால் நேரே சத்திரசிகிச்சைக்குப் போவார்கள்.

டிஸ்பென்சரியில் ஸ்கேன் இல்லை. அங்கே கேட்க வேண்டியது இரண்டே இரண்டு: சிறுநீர்ப் பரிசோதனை, ஆதார வைத்தியசாலைக்குத் துண்டு. "மருந்து குடித்துப் பார், சரிவராவிட்டால் வா" என்றால், "ஐயா, நின்றாலும் ஒருமுறை ஸ்கேன் எடுக்கத் துண்டு தாருங்கள்" என்று மரியாதையாக, விடாமல் கேளுங்கள். தலைவர்மார் கூடப் போங்கள்.

வைத்தியம்

முக்கியமான வைத்தியம் சத்திரசிகிச்சை. 4 சென்றிமீற்றருக்குள் இருக்கும் கட்டியென்றால், முடிந்தவரை கட்டி உள்ள பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். பெரிய கட்டியென்றால் அந்தச் சிறுநீரகம் முழுவதையும் எடுப்பார்கள்.

"ஒரு கிட்னியோடு இருக்க முடியுமா?" இந்தக் கேள்விக்குப் பதில் 150 வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1869-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்ற வைத்தியர், வேறு ஒரு பிரச்சினைக்காக ஒரு பெண்ணின் ஒரு சிறுநீரகத்தைத் திட்டமிட்டு எடுத்தார். அந்தப் பெண் பிழைத்து வாழ்ந்தார். மற்றச் சிறுநீரகம் நல்ல நிலையில் இருந்தால் ஒன்றே போதும். சிறுநீரகத் தானம் செய்தவர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் அந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டும். பிரஷரையும் சீனியையும் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். வைத்தியர் சொல்லாமல் கடையில் வலி மாத்திரை வாங்கிக் குடிக்கவே கூடாது. சுகமாகிவிட்டது என்று கிளினிக்கை நிறுத்தக் கூடாது. சில வருடம் கழித்தும் இது திரும்ப வரக்கூடிய நோய். கிளினிக் கொப்பியைப் பாஸ்புத்தகத்தைப் போலப் பத்திரமாக வையுங்கள்.

வேறு புற்றுநோய்களுக்கு ஏற்றும் வழமையான கீமோ மருந்து இதற்கு அவ்வளவாக வேலை செய்வதில்லை. பரவிய நோய்க்கு 2005-ஐ ஒட்டிய காலத்திலிருந்து வேறு மருந்துகள் வந்துள்ளன. கட்டியின் இரத்தக் குழாய்களை அடைக்கும் சுனிட்டினிப், பசோபனிப் போன்ற மாத்திரைகள் ஒரு வகை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் நிவோலுமாப் போன்ற ஊசி மருந்துகள் மற்ற வகை. இவை பலரின் வாழ்நாளை நீட்டியிருக்கின்றன. விலையோ மிக அதிகம்.

அதனால் ஒன்று சொல்கிறேன். நகையை அடகு வைப்பதற்கு முன், வட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன், அரசாங்க வைத்தியசாலையின் நிபுணரிடம் எது இலவசமாகக் கிடைக்கும் என்று கேளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் பணம் வாங்காமல்தான் பார்க்கிறார்கள். மேலதிகச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்திடம் பிரதேச செயலகம் மூலம் விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமலாப நிதியில் உள்ள பணத்தில் 30 வீதம் வரை மருத்துவத் தேவைக்காக ஓய்வுக்கு முன்பே எடுக்கவும் வழி உண்டு. இரண்டுக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. பத்திரங்களோடு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

நாட்டு மருந்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஸ்கேன் எடுப்பதற்கு முன் மாதக் கணக்கில் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இது தொற்று நோயும் அல்ல. நோயாளியின் கோப்பையைத் தனியாக வைக்க வேண்டியதில்லை.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

இதுவரை தனி ஆளுக்குச் சொன்னேன். இனி அமைப்புக்கு.

ஒன்று, மலையில் கழிப்பறையும் குடிதண்ணீரும். கழிப்பறை இல்லாததால் நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். இதனால் புற்றுநோய் வருகிறது என்று நான் சொல்லவில்லை. கிருமித் தொற்றும் எரிவும் அடிக்கடி வருகின்றன. "எப்போதும் வருவதுதானே" என்று பழகிப்போனவர்களுக்கு, உண்மையான ஆபத்து வரும்போது வித்தியாசம் தெரிவதில்லை. பற்றைக்குப் பின்னால் போனால் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கவும் முடியாது.

இரண்டு, கிளினிக் துண்டோடு போகிறவரின் பேர் வெட்டப்படக் கூடாது. ஒரு நாள் பேருக்குப் பயந்து ஓர் ஆளின் ஆயுள் போகிறது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். சத்திரசிகிச்சை செய்தவருக்கு வைத்தியர் சொல்லும் காலம் வரை பாரம் தூக்காத இலகு வேலை கொடுக்கவும் கேட்க வேண்டும்.

மூன்று, மொழி. தமிழும் அரச கரும மொழி. அறிக்கையில் என்ன இருக்கிறது என்று விளங்காமல் அலுமாரிக்குள் வைத்துவிடும் நிலை இருக்கக் கூடாது. விளங்காவிட்டால் அங்கேயே கேளுங்கள். அங்கே முடியாவிட்டால் நம் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நான்கு, பிரஷர் பார்ப்பது. சுகாதாரத் திணைக்களத்தின் ஆரோக்கிய வாழ்வுமுறை நிலையங்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தோட்டத்துக்கே அழைப்பது தலைவர், தலைவிமார் நினைத்தால் நடக்கும். ஆண்கள் வரமாட்டார்கள். அவர்களை இழுத்து வருவதையும் உங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று லயத்துக்குத் திரும்பியதும், கூட்டத்துக்கு வராத பத்துப் பேரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: சிறுநீர் ஒரு தடவை சிவப்பாகப் போனாலும், வலி இல்லாவிட்டாலும், தானாக நின்றுவிட்டாலும், துண்டு வாங்கி ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் யாருக்கோ அது தேவைப்படலாம்.